ஆப்பு வடிவில் மணல்

முருங்கனில் ஓகஸ்ட் வந்தால்
கறுப்புக் களி வாய் பிளக்கும்.
ஆட்டுக்குட்டியின் கால் போகிற அகலம்.
போன வருடம் என் மகனின் ரெனிஸ் பந்து ஒன்றுக்குள் விழுந்தது,
மாரியில் நிலம் மூடிக்கொண்டது.
பந்து இன்னும் உள்ளேதான்.

அதனால் வெடிப்பு என்றால் எனக்கு வெயில்.

கொட்டில் நிறைய மரப்பெட்டிகள்.
துளையிட்டு எடுத்த கல் உருளைகள்
கரும்புத் துண்டுகள் மாதிரி நெருக்கி அடுக்கியபடி.
தண்ணீர் தேடித்தான் இறக்கினார்கள்; உப்பு வந்தது,
பெட்டிகளை விட்டுப் போனார்கள்.
கழுவி, அளந்து, இலக்கம் எழுதுவது என் வேலை.
அதற்கு முன் ஏழு வருடம்
கண்ணிவெடி அகற்றினேன்.

நூற்றுப் பதினெட்டாம் பெட்டி.
செம்மண் நிறக் கல்லைக் கீறிக்கொண்டு,
மேலே மூன்று விரல் அகலம்,
ஒரு முழம் இறங்கி ஊசிமுனை,
நடுவில் வெள்ளை மணல்.

‘வெடிப்பு. வறட்சி’ என்று எழுதினேன்.
லெம்பேட் சேர் பேனையை வாங்கி
வறட்சியை வெட்டினார்.

“ஓரத்தைப் பார் கமலேஸ்வரி,
படைகள் மேலே வளைஞ்சிருக்கு.
வெயில் எண்டால் சுருக்கி இழுக்கும்.
இது தள்ளியிருக்கு.
உள்ளுக்கு ஒண்டு இருந்து
வருசா வருசம் கொழுத்திருக்கு.”

என்னது சேர்?

“ஐஸ்.”

சிரித்துவிட்டேன்.
ஐஸ் என்றால் பேசாலையிலிருந்து லொறியில் வருவது,
றெஜிபோம் பெட்டியில் பாரைக்கும் சூடைக்கும் இடையே
உடைத்துப் போட்டு, வீதி நெடுக ஒழுகிக்கொண்டு.
பனி என்றால்
மார்கழி விடியலில் நெற்தாளில் தொங்கி
எட்டு மணிக்கு முன் இல்லாமற் போவது.
நிலமே உறைந்து, கோடையிலும் இளகாமல்,
ஒரு நாட்டின் வயதைவிட நெடுநாள் கிடப்பதற்கு
என் வாயில் சொல் இல்லை.
உறைநிலம் என்றார் சேர்,
அப்போதுதான் செதுக்கி எடுத்த மாதிரி.

இந்தத் தரை அந்த நாளில் இங்கே இல்லையாம்.
தெற்கே, துருவத்துக்குக் கிட்ட,
வேறு தரைகளோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம்.
“பிறகு இடம்பெயர்ந்து வந்தது” என்றார்,
தண்ணீர்ப் போத்தலைத் திறந்தபடி.
நான் துணியைப் பிழிந்தேன்.

வெடி அகற்றும் வேலையில் முதலில் பழகுவது இது:
தோண்டி மூடிய மண்ணுக்கு
சுரண்டியின் கீழே வேறு சத்தம்.
நிறம் ஒன்றாக இருந்தாலும் கை அறியும்.

வெள்ளாங்குளத்துக்கு அப்பால் ஒரு பங்கர்.
பிய்ந்த மணல்மூட்டைகள் கரைந்து
விளிம்பு வரை நிரம்பியிருந்தது.
இரண்டு நாள் சுரண்டினோம்.
வெடி இல்லை, எலும்பு இல்லை,
ஒரு செருப்புக்கூட இல்லை.
மூன்று படி வெட்டியிருந்தார்கள்.
கடைசிப் படியை மட்டும்
மற்றவற்றின் பாதி உயரத்தில்.

யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை.
‘வெறுமை’ என்று அறிக்கை கொடுத்தோம்.

“ஒரு உருளையை வச்சு நிரூபிக்க ஏலாது” என்றார் சேர்.
இப்படி வெடிப்புகள் ஒன்றோடொன்று சந்தித்து
நிலமெங்கும் வலை போட்டிருக்க வேண்டுமாம்;
எங்கள் வயல் மாதிரி,
ஆனால் எங்கள் வயல் மாதிரி இல்லாமல்.
ஒரு விரல்நுனியைப் பார்த்து
ஆளைச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அதையும் நாங்கள் செய்திருக்கிறோம், சொல்லவில்லை.

அவர் போன பிறகு மறுபடி கழுவினேன்.
தண்ணீர் அந்த மணலில்தான் முதலில் இறங்கியது.
சுற்றியிருந்த கல் காய்ந்து வெளிறிய பின்னும்
ஆப்பு மட்டும் கறுப்பாய், ஈரமாய் நின்றது.
விரலை வைத்தேன்.
குளிரவில்லை. வெளியே முப்பத்தாறு பாகை.

பெட்டி 118.
உள்ளிருந்தது: ஐஸ் (?)
இப்போது: மணல்.
மேலே மூன்று விரல், கீழே ஊசி.

விரலை வெட்டிவிட்டு
சேர் நாளைக்கு சென்ரிமீற்றர் எழுதுவார்.
எழுதட்டும்.